பழைய மகிழுந்துகளுக்கான பொறி எண்ணெய்த் தேர்வு

பழைய மகிழுந்துகளுக்கான பொறி எண்ணெய்த் தேர்வு என்பது, உற்பத்தி நின்றுபோன பழைய மகிழுந்துகளின் (கார்களின்) பொறிக்கு ஏற்ற மசகு எண்ணெயைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். பொறியின் வடிவமைப்பு, வண்டி ஓடும் இடத்தின் வெப்பம், தூசி, வண்டி ஓட்டப்படும் அளவு ஆகியவை இத்தேர்வில் கருதப்படுகின்றன. புதிய மகிழுந்துக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் எண்ணெயை வாங்கினால் போதும். பழைய மகிழுந்தின் கையேடு அச்சான காலத்தில் இருந்த எண்ணெய் வகைகள் பல இன்று கடைகளில் இல்லை. இன்றுள்ள எண்ணெய் வகைகள் பல அப்பொறியை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டவை அல்ல. தவறான எண்ணெயால் தேய்ந்துபோகும் உறுப்புகளுக்கு மாற்று உறுப்பு கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருவதால், இத்தேர்வு வண்டியின் ஆயுளையே முடிவு செய்வதாக உள்ளது.

இக்கட்டுரை, தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களை உள்ளடக்கிய வறண்ட கரிசல் நிலப்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவில் பழைய மகிழுந்துகளாகப் போற்றப்படுபவற்றுள் மூன்று வகைகள் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டவை.

* அம்பாசடர்: மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்தது. 1950களின் இறுதியில் தொடங்கிய இதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. 1959 ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் இதில் இருந்தது 1489 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட பி வரிசைப் பொறியாகும். 1992 இல் இசுசூ நிறுவனத்தின் 1.8 லிட்டர் பொறி கொண்ட வகை வெளிவந்தது.
* பிரீமியர் பத்மினி: பியட் 1100 வண்டியின் வழிவந்தது. மும்பையில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தயாரித்தது. 1089 கன செ.மீ. பொறி கொண்டது. இதன் உற்பத்தி 2000 ஆம் ஆண்டை ஒட்டி முடிவுற்றது.
* ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. தொடக்கத்தில் 948 கன செ.மீ. பொறி கொண்டிருந்தது.

பி வரிசைப் பொறி, பத்மினியின் பொறி, ஹெரால்டின் பொறி ஆகிய மூன்றிலும் நெம்புருள் தண்டு (கேம் தண்டு) பொறியின் அடிக்கட்டில் அமைந்திருக்கும். அதன் மேடுகள் டேப்பட் எனப்படும் உறுப்புகளை உயர்த்த, அவை தள்ளுகோல்கள் வழியாக வால்வுகளைத் திறக்கின்றன. எண்ணெய்த் தேர்வில் இவ்வமைப்பு முக்கியமானது. காரணம் கீழே கூறப்பட்டுள்ளது.

2021 சூலையில் இந்திய அரசு 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. இதன்படி புதிதாகப் பதிவு பெறும் வண்டிகளின் எண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவு பெற்ற வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இம்முறையில் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டிற்கோ வணிகத்திற்கோ ஓட்டுதல் கூடாது. காட்சி, ஆய்வு, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றிற்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். இதனால் இவ்வண்டிகள் ஆண்டின் பெரும்பகுதி கொட்டகையில் நிற்கின்றன. நிற்கும் வண்டியின் எண்ணெய் ஓடும் வண்டியின் எண்ணெயைவிட வேறு வகையில் கெடுகிறது.

நிலமும் தட்பவெப்பமும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்ப் பாசனத்தையும் நம்பிய மானாவாரி நிலப்பகுதிகள் ஆகும். கோடையில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும். மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை பொதுவாக 20 பாகையை ஒட்டியே இருக்கும். கரிசல் மண் மழையில் களியாக ஒட்டி, கோடையில் வெடித்துப் பொடியாகிறது. ஆடிக் காற்றில் இப்பொடி சாலைகளின் மேல் புழுதியாக எழுகிறது.

ஆகவே இப்பகுதியில் ஓடும் பொறிக்கு உறைகுளிர் என்னும் சிக்கல் இல்லை. மிகுந்த வெப்பமும் மிகுந்த தூசியும் உண்டு. குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்ட எண்ணெய் அறிவுரைகளை இங்கு அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

மசகு எண்ணெயின் பணிகள்

மாட்டு வண்டியின் அச்சில் இடப்படும் கரிய பசையான மசகின் பெயரே பின்னர் மசகு எண்ணெய் என்னும் கலைச்சொல்லில் இடம்பெற்றது. அச்சும் குடமும் ஒன்றையொன்று அரைக்காமல் இடையில் ஒரு படலமாக நிற்பதே அதன் பணி. பொறி எண்ணெய் இதனுடன் மேலும் சில பணிகளைச் செய்கிறது.

1. அசையும் உறுப்புகளுக்கு இடையே படலமாக நின்று உராய்வைக் குறைத்தல்.
2. பிஸ்டன், தாங்கிகள் (பேரிங்குகள்) ஆகியவற்றின் வெப்பத்தை எடுத்துச் செல்லுதல்.
3. பிஸ்டன் வளையங்களுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைத்தல்.
4. கரி, உலோகத் துகள் முதலிய அழுக்குகளைத் தன்னுள் தாங்கி வடிகட்டிக்குக் கொண்டு செல்லுதல்.
5. எரிதலில் தோன்றும் அமிலங்களை நடுநிலையாக்கித் துருவைத் தடுத்தல்.

தொடக்க காலத்தில் பந்தய வண்டிகளிலும் வானூர்திப் பொறிகளிலும் ஆமணக்கு எண்ணெய் பயன்பட்டது. காஸ்ட்ரால் என்னும் வணிகப் பெயர் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததாகும். ஆமணக்கு எண்ணெயின் படலம் வலிமையானது. எனினும் அது விரைவில் பிசினாக இறுகும். கனிம எண்ணெயுடன் நன்கு கலவாது. ஆகவே இன்று சாலை வண்டிகளின் பொறியில் அதனை ஊற்றுவது தவறாகும்.

பாகுநிலை

எண்ணெய் ஓடுவதற்குக் காட்டும் தடையே பாகுநிலை ஆகும். வெப்பம் கூடக்கூட எண்ணெய் இளகும். 20டபிள்யூ-40 எண்ணெய் ஒன்று 40 பாகை செல்சியசில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறத்தாழ எட்டு மடங்கு இளக்கமாக இருக்கும்.

எண்ணெய்க் கலன்களில் காணப்படும் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 போன்ற எண்கள் எஸ்.ஏ.இ. எனப்படும் தானுந்துப் பொறியாளர் கழகத்தின் தரவரிசையைக் குறிப்பன. டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், குளிரில் பொறியைச் சுழற்றித் தொடக்குவது எவ்வளவு எளிது என்பதைக் காட்டும். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியசில் எண்ணெயின் பாகுநிலையைக் காட்டும்.

பின்னுள்ள எண்ணுக்கு உரிய அளவுகள் (சென்டிஸ்டோக் அலகில், 100 பாகை செல்சியசில்):

* 30: 9.3 முதல் 12.5 வரை
* 40: 12.5 முதல் 16.3 வரை
* 50: 16.3 முதல் 21.9 வரை

முன்னுள்ள எண்ணுக்கான தொடக்கச் சோதனை 20டபிள்யூ எண்ணெய்க்கு உறைநிலைக்குக் கீழே 15 பாகையிலும், 15டபிள்யூ எண்ணெய்க்கு 20 பாகையிலும், 5டபிள்யூ எண்ணெய்க்கு 30 பாகையிலும் நடத்தப்படுகிறது. அருப்புக்கோட்டையின் குளிர்ந்த காலையும் இச்சோதனைகளில் மிக எளியதைவிட 30 பாகைக்கு மேல் வெப்பமானது. எனவே இப்பகுதியில் 0டபிள்யூ, 5டபிள்யூ எண்ணெய்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பதால் தொடக்கத்தில் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. மேலும் முன்னெண்ணுக்கும் பின்னெண்ணுக்கும் இடைவெளி கூடும்போது கனிம எண்ணெயில் பாகுநிலை காக்கும் பல்லுறுப்பிகள் மிகுதியாகச் சேர்க்கப்பட வேண்டியிருக்கும். இப்பல்லுறுப்பிகள் நாளடைவில் நறுக்குண்டு, எண்ணெய் தன் பாகுநிலையை இழக்கும்.

பழைய பொறிகளில் தாங்கிகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு அளவில் அமைக்கப்பட்டது. தேய்மானத்தால் அது மேலும் கூடியிருக்கும். இளக்கமான எண்ணெய் இவ்விடைவெளியில் விரைந்து வழிந்துவிடுவதால் எண்ணெய் அழுத்தம் குறையும். பழைய ஆங்கிலேய வடிவமைப்புப் பொறிகள் பலவற்றில் வணரித் தண்டின் (கிராங்க் தண்டின்) பின்முனையில் ரப்பர் ஆயில் சீலுக்குப் பதிலாக, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகுவரி மட்டுமே இருக்கும். இவற்றில் இளக்கமான எண்ணெய் எளிதில் ஒழுகும்.

இக்காரணங்களால் இவ்வறண்ட நிலப்பகுதியில் நல்ல நிலையில் உள்ள பி வரிசை, பத்மினி, ஹெரால்டு பெட்ரோல் பொறிகளுக்கு 20டபிள்யூ-40 பொருத்தமானது. தேய்ந்த பொறிக்கும், கோடையில் நெடுந்தொலைவு ஓடும் பொறிக்கும் 20டபிள்யூ-50 ஏற்றது. அளவுக்கு மிஞ்சிய தடிப்பும் கேடு தரும். தடித்த எண்ணெய் வால்வு நெம்புகோல்களைச் சென்றடையக் காலம் பிடிக்கும். வெப்பத்தைக் கடத்துவதும் குறையும். இசுசூ பொறி கொண்ட அம்பாசடருக்கு அதன் சொந்தக் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

துத்தநாகமும் பாசுபரசும்

நெம்புருள் மேடும் டேப்பட்டின் தட்டையான அடியும் தேய்த்து நகரும் இடத்தில் தொடுபரப்பு சிறியது, அழுத்தம் மிகப் பெரியது. எண்ணெய்ப் படலம் மட்டும் இங்கு போதாது. இதற்காக எண்ணெயில் சிங்க் டைஆல்கைல் டைதயோபாசுபேட்டு என்னும் சேர்பொருள் கலக்கப்படுகிறது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் இது சிதைந்து, எஃகின் மேல் கண்ணாடி போன்ற பாசுபேட்டுப் படலம் ஒன்றை உண்டாக்கும். உலோகத்திற்குப் பதிலாக இப்படலம் தேயும். தேய்ந்த இடத்தில் மீண்டும் உருவாகும். 1940களில் இருந்து இச்சேர்பொருள் பயன்பாட்டில் உள்ளது.

வெளியேறும் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியை இதிலுள்ள பாசுபரசு கெடுக்கும். இந்தியாவில் 1995 ஏப்பிரல் முதல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில் புதிய பெட்ரோல் மகிழுந்துகளுக்கு இம்மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. உலகளவில் இம்மாற்றி பரவியதால் எண்ணெயில் பாசுபரசின் அளவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2001 இன் எஸ்.எல். தரத்தில் 0.10 விழுக்காடாக இருந்த வரம்பு, 2004 இன் எஸ்.எம். தரத்தில் 0.08 விழுக்காடாகக் குறைந்தது. 2010 இன் எஸ்.என்., 2020 இன் எஸ்.பி. ஆகிய தரங்களிலும் இவ்வரம்பு தொடர்கிறது.

இதனால் 'புதிய எண்ணெய் அனைத்தும் பழைய பொறியைத் தேய்க்கும்' என்னும் கருத்து பரவியுள்ளது. இது ஓரளவே உண்மை. மேற்கண்ட வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற எரிபொருள் சிக்கனத்திற்கான இளக்க எண்ணெய்களுக்கே உரியது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியவற்றை அது கட்டுப்படுத்துவதில்லை. எனினும் தயாரிப்பாளர் தாமாகவே அளவைக் குறைத்திருக்கக்கூடும். ஆகவே எண்ணெயின் தொழில்நுட்பத் தாளில் பாசுபரசு அல்லது துத்தநாக அளவைப் பார்ப்பது நல்லது. தட்டை டேப்பட் பொறிக்கு 0.10 முதல் 0.12 விழுக்காடு வரையிலான பாசுபரசு பொதுவாகப் போதுமானது.

அம்பாசடர், பத்மினி போன்றவற்றின் வால்வுச் சுருள்வில்கள் மிதமான இறுக்கம் கொண்டவை. எனவே நன்கு பழகிய பொறியில் தேய்மானம் மெதுவாகவே நிகழும். புதிய நெம்புருள் தண்டோ புதிய டேப்பட்டுகளோ பொருத்தப்பட்டபின் வரும் முதல் அரை மணி நேர ஓட்டமே பேரிடர் மிக்கது. அப்போது போதிய துத்தநாகச் சேர்பொருள் இல்லாவிட்டால் மேடுகள் சில மணி நேரத்திலேயே மழுங்கிவிடக்கூடும். தனியாக விற்கப்படும் துத்தநாகக் கரைசலை மிகுதியாக ஊற்றுவதும் தவறாகும். அளவு மீறினால் சாம்பல் படிவும் உலோக அரிப்பும் ஏற்படும்.

டீசல் பொறிகள்

அம்பாசடரின் டீசல் வகை 1980 ஐ ஒட்டி வெளிவந்து, வாடகை வண்டியாகப் பரவியது. டீசல் பொறியின் எண்ணெயில் புகைக்கரி மிகுதியாகச் சேரும். அதனைத் திரளவிடாமல் தாங்கும் சேர்பொருள் தேவை. ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரங்களில் 'எஸ்' எழுத்தில் தொடங்குவன பெட்ரோல் பொறிகளுக்கும், 'சி' எழுத்தில் தொடங்குவன டீசல் பொறிகளுக்கும் உரியவை. சி.எப்.-4, சி.ஐ.-4 ஆகிய தரங்களில் வரும் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 எண்ணெய் பழைய டீசல் பொறிக்கு ஏற்றது. இவ்வகை எண்ணெய்களில் துத்தநாகச் சேர்பொருள் போதிய அளவில் இருப்பதால், பெட்ரோல் தரமும் உடன் அச்சிடப்பட்டிருந்தால் பழைய பெட்ரோல் பொறிக்கும் பயன்படுத்தலாம்.

கனிம எண்ணெயும் செயற்கை எண்ணெயும்

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறப்படுவது கனிம எண்ணெய். சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையிலும் இதற்கான அடிப்படை எண்ணெய் தயாராகிறது. செயற்கை எண்ணெய் மிகுந்த வெப்பத்தில் விரைவில் சிதைவதில்லை. எனினும் அதன் நீண்ட ஆயுள் பழைய பொறியில் முழுமையாகப் பயன்படுவதில்லை. எரிபொருள் கசிவு, ஈரம், கரி, தூசி ஆகியவற்றால் எண்ணெய் அதற்கு முன்பே மாசடைந்துவிடும். விலை குறைந்த நல்ல கனிம எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே இங்கு கூடுதல் பயன் தரும்.

நெடுங்காலம் கழுவு பண்பு இல்லாத எண்ணெயில் ஓடிய பொறியின் அடித்தொட்டியில் (சம்ப்பில்) சேறு போன்ற படிவு இருக்கும். அதில் திடீரென இக்கால எண்ணெயை ஊற்றினால் படிவு பெயர்ந்து எண்ணெய் வழிகளை அடைக்கும். அடித்தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, வடிகட்டியை மாற்றிய பின்னரே எண்ணெயை மாற்ற வேண்டும். முதல் எண்ணெயை 500 கி.மீ. அளவிலேயே வடித்துவிடுவது பாதுகாப்பானது. பட்டறைகளில் சிலர் மண்ணெண்ணெய் ஊற்றிப் பொறியை ஓட்டிக் கழுவுவர். அவ்வேளையில் தாங்கிகளுக்குப் படலம் கிடைக்காது; எஞ்சும் மண்ணெண்ணெய் புதிய எண்ணெயையும் இளக்கிவிடும்.

தூசியும் நெடுநாள் நிறுத்தமும்

மண் புழுதியில் உள்ள மணல் துகள்கள் தாங்கி உலோகத்தைவிடக் கடினமானவை. எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் இத்துகள்களின் அரைப்பைத் தடுக்காது. ஆகவே இந்நிலப்பகுதியில் காற்று வடிகட்டியும் எண்ணெய்த் தேர்வின் ஒரு பகுதியாகக் கருதத்தக்கது. பழைய வண்டிகள் பலவற்றில் எண்ணெய்த் தொட்டிக் காற்று வடிகட்டி உண்டு. உள்ளே வரும் காற்று எண்ணெயின் மேல் திரும்பும்போது தூசி அதில் படிந்துவிடும். தொட்டியில் சேறு படிந்தால் அதனைக் கழுவிக் குறியிட்ட மட்டம் வரை புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். ஆடி மாதத்தில் இதனைப் பலமுறை செய்ய நேரிடும்.

கொட்டகையில் நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது பரவலான வழக்கம். இது நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்கிறது. எரிதலில் தோன்றும் நீராவி குளிர்ந்த பொறியில் நீராகி எண்ணெயில் கலக்கும். சூடேறாத எண்ணெயிலிருந்து அது வெளியேறாது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025 இல் நாடெங்கும் பரவலாகியுள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையதால் இக்கவனம் மேலும் தேவைப்படுகிறது. மாதம் ஒருமுறை அரை மணி நேரத்திற்குக் குறையாமல் சாலையில் ஓட்டுவது சிறந்தது. எடுத்துக்காட்டாக, அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை வரையிலான சுமார் 50 கி.மீ. தொலைவு எண்ணெயை முழுமையாகச் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றப் போதுமானது. தனிப் பதிவு பெற்ற வண்டிக்குச் சாலை ஓட்டம் வரையறுக்கப்பட்டிருப்பதால், அனுமதிக்கப்பட்ட ஓட்டங்களை இவ்வாறு நெடுந்தொலைவாக அமைத்துக்கொள்வது பயன் தரும்.

எண்ணெயை 3,000 முதல் 5,000 கி.மீ. வரையிலான ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றலாம். புழுதிச் சாலையில் மிகுதியாக ஓடினால் இதனைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஓட்டம் எவ்வளவு குறைவாயினும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நெடுநாள் நிறுத்துவதற்கு முன் எண்ணெயை மாற்றுவது, பழைய எண்ணெயின் அமிலம் தாங்கிகளை அரிப்பதைத் தடுக்கும்.

தேர்வு முறை

1. பொறி எது எனவும், முன்பு மாற்றப்பட்டுள்ளதா எனவும் உறுதி செய்தல். அம்பாசடர்களில் மூலப் பொறிக்குப் பதிலாக வேறு பொறி பொருத்தப்பட்டிருப்பது உண்டு.
2. கையேட்டில் உள்ள ஒற்றைத் தர எண்ணை (30 அல்லது 40) இன்றைய பலதர எண்ணெயின் பின்னெண்ணாகக் கொள்ளுதல்.
3. சூடான பொறியில் எண்ணெய் அழுத்தத்தை அளத்தல். அழுத்தம் குறைந்தால் தடித்த எண்ணெயை நாடுவதற்கு முன் தாங்கிகளையும் எண்ணெய் இறைப்பியையும் சோதித்தல்.
4. தொழில்நுட்பத் தாளில் பாசுபரசு அளவைப் பார்த்தல்.
5. மாற்றிய எண்ணெய், நாள், ஓட்டத் தொலைவு ஆகியவற்றைக் குறித்து வைத்தல்.

தவறான கருத்துகள்

* எண்ணெய் விரைவில் கறுத்தால் அது தரமற்றது: அழுக்கைத் தாங்கும் எண்ணெய் கறுப்பது இயல்பு. டீசல் பொறியில் சில நூறு கி.மீ. ஓட்டத்திலேயே கறுக்கும்.
* அளவுகோலில் உச்சக் குறிக்கு மேல் ஊற்றினால் பாதுகாப்பு: வணரித் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை படலத்தைத் தாங்காது.
* புகைக்கும் பொறிக்குத் தடித்த எண்ணெயே மருந்து: அது புகையைச் சில நாள் மறைக்கலாம். தேய்ந்த வளையங்களும் வால்வு வழிகாட்டிகளும் அப்படியே இருக்கும்.

போலி எண்ணெயும் கழிவு எண்ணெயும்

பயன்படுத்திய எண்ணெயை வடிகட்டி, பழைய கலன்களில் அடைத்து விற்பது நாட்டின் பல இடங்களில் நிகழும் மோசடியாகும். மூடியின் முத்திரை, தொகுதி எண், தயாரிப்பு நாள் ஆகியவற்றைப் பார்த்து வாங்குவதும், காலியான கலனை வெட்டிச் சிதைத்துவிடுவதும் இதனைத் தடுக்க உதவும்.

இந்தியாவில் கழிவு எண்ணெய், 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி கேடு விளைவிக்கும் கழிவாகும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அதனை ஒப்படைக்க வேண்டும். பட்டறை ஓரத்தில் கொட்டப்படும் எண்ணெய், கரிசலின் கோடை வெடிப்புகள் வழியே ஆழத்திற்கு இறங்கும். மழைக்காலத்தில் ஓடை வழியே ஊருணிகளையும் கண்மாய்களையும் சென்றடையும். தேக்கிய மழைநீரை நம்பி வாழும் நிலப்பகுதியில் இது குடிநீரையும் பயிரையும் கெடுக்கும். வடித்த எண்ணெயை மூடியுள்ள கலனில் சேர்த்து வைத்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சேவை நிலையத்தில் ஒப்படைப்பதே முறையாகும்.